நெருப்பால் விளையும் குளிர்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இன்று இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய இத்தொலைவை மாட்டு வண்டிக் காலத்தார் சில நாட் பயணமாகக் கொண்டிருந்தனர். உடன் கொண்டு சென்ற கட்டுச்சோற்றிலேயே அவர்களுடைய அறிவு விளங்கும். முதல் நாளைக்குத் தயிர்ச்சோறு. அதுவும் தயிரிட்டுப் பிசைந்ததன்று, குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலை ஊற்றி ஒரு கரண்டி மோரைத் தெளித்து வைத்தது. வழியிலேயே அது தயிராகிப் புளிப்பேறாமல் பக்குவமாக நிற்கும். அதற்கடுத்த நாட்களுக்குப் புளியோதரை. குடிநீருக்கு ஈரத்துணி சுற்றிய மண்பானை. அடுப்பு வேண்டுமாயின் வண்டியை நிறுத்தி, மாட்டை அவிழ்த்து, மரத்தடியில் மூன்று கற்களைக் கூட்டித் தீ மூட்டினர். வண்டிக்குள் வைக்கோல் இருந்தது. ஆகவே தீ எப்போதும் வண்டிக்கு வெளியேதான்.

இந்த வழக்கத்தை நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. படுக்கை, சமையற்கட்டு, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் அமைந்த வீட்டு வேன்கள் இக்காலத்தில் நம் நாட்டுச் சாலைகளிலும் தென்படுகின்றன. அவற்றுட் சிலவற்றில் மின்சாரமின்றி, எரிவாயுச் சுடரால் இயங்கும் குளிர்பெட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. நெருப்பை மூட்டிக் குளிரைப் பெறுவதா என்று நேயர்கள் வியக்கலாம். வியப்பு நியாயமானதே. இந்தப் பெட்டியின் வரலாறு நீண்டது. அதில் சென்னைக்கும் சிறிது இடமுண்டு.

குளிர் என்பது நெடுங்காலம் அரசர்க்கும் செல்வர்க்குமே உரியதாயிருந்தது. அக்பர் அரண்மனையில் வெடியுப்புக் கரைசலில் குடத்தைச் சுழற்றித் தண்ணீரைக் குளிர்வித்த செய்தியை அபுல் ஃபசல் தம் 'அயினி அக்பரி'யில் எழுதியிருக்கிறார். அலகாபாத் பகுதியில் குளிர்கால இரவுகளில் ஆழமற்ற மண்தட்டுகளில் நீரை வைத்து, வானை நோக்கி வெப்பம் வெளியேறுவதால் உண்டாகும் மெல்லிய பனிக்கட்டியை விடியுமுன் சேகரித்தனர். 1775-ல் ராபர்ட் பார்க்கர் என்பவர் இதனை இலண்டன் அறிஞர்க்கு விவரித்தார். நம் தென்னாட்டுச் சமவெளிக்கு அந்தக் குளிர் இரவுகளும் இல்லை. நமக்கு வாய்த்தது மண்பானை ஒன்றே.

இந்நிலையில், 1833-ல் பாஸ்டன் நகரிலிருந்து 'டஸ்கனி' என்னும் கப்பல் பனிக்கட்டியைச் சுமந்து கல்கத்தாவுக்கு வந்தது. நான்கு மாதக் கடற்பயணத்தின் இறுதியில் சுமார் 180 டன்னில் 100 டன்னளவு கரையாமல் எஞ்சியிருந்ததாம். மரத்தூளிட்டுப் பொதிந்த திறமை அது. பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் பின்னர்ச் சென்னைக் கடற்கரையிலும் ஒரு கிடங்கு எழுப்பினார். 1842-ல் எழுந்த அந்த வட்டக் கட்டடத்தை இன்றும் மக்கள் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர். 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் அது இன்று விவேகானந்தர் இல்லம். அமெரிக்கக் குளத்துப் பனிக்கட்டி திருவல்லிக்கேணியில் விற்ற காலம் சுமார் முப்பது ஆண்டுகள் நீடித்தது. 1870-களில் சென்னையிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வாணிகம் மடிந்தது.

இயந்திரங்கள் இரு வகையாயின. ஆவியை அழுத்தி இயங்குவது ஒன்று; அதற்கு நீராவி எஞ்சினோ மின்விசையோ வேண்டும். மற்றொன்று நம் கதைக்குரியது. பிரெஞ்சு நாட்டவரான ஃபெர்டினாண்ட் கார்ரே 1859-ல் உரிமை பெற்ற பொறி, அம்மோனியா கலந்த நீரை நெருப்பால் சூடேற்றுவதாலேயே பனிக்கட்டியை விளைவித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடபுலத்துப் பனிக்கட்டி தென் மாநிலங்களுக்குப் போகாமல் தடைப்பட்டது. அவ்வேளையில் கார்ரேயின் பொறிகளே அங்கே கைகொடுத்தன. ஆயினும் அவை தொழிற்சாலைக்குரிய பேருருவங்கள்.

வீட்டுக்குள் வைக்கத்தக்க பெட்டியைக் கண்டவர்கள் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் இருவர்: பால்ட்சார் ஃபான் பிளாட்டென், கார்ல் முன்டர்ஸ். ஆண்டு 1922. அவர்களுடைய கண்டுபிடிப்பை 1925-ல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதன் நுட்பத்தைச் சிறிது விளக்குவது அவசியம். ஏனெனில் இப்பெட்டியைப் பற்றிய எச்சரிக்கைகள் அனைத்தும் அந்நுட்பத்திலிருந்தே பிறக்கின்றன.

பெட்டியின் முதுகுப்புறத்தில் இரும்புக் குழாய்கள் வளைந்து வளைந்து செல்கின்றன. அடியில் ஒரு சிறு கொதிகலம். அதில் அம்மோனியா கரைந்த நீர். கீழே சிறு சுடர் எரிகிறது. சூடேறியதும் அம்மோனியா நீரைவிட்டு ஆவியாகப் பிரிந்து மேலே செல்கிறது. அங்கே வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்து திரவமாகிறது. அத்திரவம் இறங்கி, ஹைட்ரஜன் நிரம்பிய குழாயினுட் புகுந்ததும் விரைவாக ஆவியாகிறது; ஆவியாகுங்கால் பெட்டியினுள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அதுவே குளிர். பின்னர் அம்மோனியா மீண்டும் நீரில் கரைந்து கொதிகலத்திற்கே திரும்புகிறது. இவ்வளவிலும் சுழலும் சக்கரமோ ஓடும் மோட்டாரோ கிடையாது. திரவம் இறங்குவது தன் எடையால். ஆவி எழுவது வெப்பத்தால். ஆகவே ஓசையில்லை. நள்ளிரவில் காதை வைத்துக் கேட்டாலும் ஒன்றும் கேட்காது. இந்த அமைதியே இதன் பெருமை. இடரும் இதிலேதான் மறைந்திருக்கிறது.

அக்காலத்து ஏனைய குளிர்பெட்டிகளில் கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் நிரம்பியிருந்தன. பெர்லினில் ஒரு குடும்பம் அவ்வாறு கசிந்த வாயுவால் உறக்கத்திலேயே மாண்ட செய்தியைப் படித்து ஐன்ஸ்டைன் மனம் நொந்தார் என்பர். அவரும் லியோ சிலார்டும் 1926 முதல் நகரும் உறுப்பில்லாத குளிர்பெட்டி பற்றி ஆராய்ந்து, 1930-ல் அமெரிக்க உரிமையும் பெற்றனர். சார்பியல் கண்டவர் சமையலறைப் பெட்டிக்கு உரிமை கோரிய கதை பலருக்குத் தெரியாது. அவர்கள் பெட்டி கடைக்கு வரவில்லை. ஸ்டாக்ஹோம் மாணவர்களின் பெட்டியே உலகை வலம் வந்தது.

நம் நாட்டிற்கு அது மண்ணெண்ணெய் விளக்கோடு வந்தது. மின்கம்பி எட்டாத மலைத்தோட்டப் பங்களாக்களிலும், சிற்றூர் மருத்துவ நிலையங்களிலும் அடியில் திரி எரியும் வெள்ளைப் பெட்டிகள் நின்றன. திரியைக் கத்தரிக்கவும், புகைக்கூண்டைத் துடைக்கவும் ஒருவர் வேண்டும். திரி ஒழுங்காக எரியாவிட்டால் கரிபடியும். கரி படிந்தால் குளிர் குன்றும். இந்தியாவில் 1978-ல் விரிந்த தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது உலகெங்கும் மின்சாரமற்ற ஊர்களில் தடுப்பு மருந்தைக் காத்தவை பெரும்பாலும் இவ்வகைப் பெட்டிகளே. எனினும் குளிரின் அளவு நிலையாக நில்லாததாலும், எரிபொருளும் கவனிப்பும் இடையறாது வேண்டியிருப்பதாலும், உலக நலவாழ்வு நிறுவனம் தடுப்பு மருந்துக்கு இவற்றை இப்போது பரிந்துரைப்பதில்லை. கதிரொளியால் இயங்கும் பெட்டிகள் அவ்விடத்தைப் பிடித்துவிட்டன.

சமையல் எரிவாயு உருளை நம் நாட்டில் 1955-ல் பம்பாயில் தலைகாட்டியது. 1965-ல் இண்டேன் பெயரில் கல்கத்தாவில் விநியோகம் தொடங்கியது. மேனாடுகளில் வீட்டு வேன்களுக்குப் புரொப்பேன் உருளையும் அதனால் இயங்கும் குளிர்பெட்டியும் இன்றியமையா இணையாகிவிட்டன. ஆந்திர நாட்டில் வண்டியே வீடான காட்சி புதிதன்று. 1982-ல் என். டி. ராமராவ் பழைய செவ்ரலே வேன் ஒன்றைச் 'சைதன்ய ரதம்' ஆக்கி, அதிலேயே உண்டு உறங்கி மாநிலமெங்கும் சுற்றினார். அடுத்த ஆண்டு அவர் வென்ற தொகுதிகளுள் திருப்பதியும் ஒன்று.

சென்ற புரட்டாசியில் நாமும் அத்தகைய வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்திச் சித்தூரிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டோம். நம் தமக்கையார்க்கு நீரிழிவு. இன்சுலின் மருந்து வெயிலிற் கெடாமலிருக்கக் குளிர்பெட்டி உதவும் என்பதே நாம் அவ்வண்டியை விரும்பியதன் காரணம். மலையேறித் தரிசனம் முடித்து, மாலையில் இறங்கிச் சந்திரகிரிக்கருகே இரவு தங்கினோம். தூறல் இருந்தது, கொசுவும் இருந்தது. கதவு, சன்னல் யாவையும் அடைத்துவிட்டோம்.

இரவு பத்து மணியளவில் தமக்கையார் தலைவலிக்கிறது என்றார். பிறகு தலைசுற்றல், பிறகு குமட்டல். "மலைப்பாதை வளைவு, அக்கா, காலையில் சரியாகிவிடும்" என்று நாமே சொன்னோம். மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கிய எவர்க்கும் அது இயல்பாகத் தோன்றும் விளக்கம். எலுமிச்சம்பழம் ஒன்றை முகரக் கொடுத்தோம். பிள்ளைகளும் தலையைப் பிடித்துக்கொண்டபோதுதான், வெளியே படுத்திருந்த ஓட்டுநர்க்கு ஐயம் பிறந்தது. அவருக்கு மட்டும் தலைவலி இல்லை. வண்டியின் பக்கச் சுவரிலிருந்த குளிர்பெட்டிச் சாளரத்தை விளக்கடித்துப் பார்த்தார். மழைநீர் புகாமலிருக்கவென்று யாரோ முன்பொரு பயணத்தில் மேற்சாளரத்தின்மீது பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருந்தனர். உள்ளே சுடர் நீலமாக இல்லை, மஞ்சளாக எரிந்தது. சுற்றிலும் கரி. "சார், எல்லாரும் இறங்குங்கள்" என்று கூவி உருளையின் திருகை மூடினார். தமக்கையாரை அவ்விரவே திருப்பதியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். சில மணி நேரம் பிராணவாயு கொடுத்தனர். பிழைத்தார்.

மருத்துவர் சொன்ன பெயர் கார்பன் மோனாக்சைடு. போதிய காற்றின்றி எரியும் எந்தச் சுடரும் இதனை உமிழும். நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள செந்நிறப் பொருள் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆவலுடன் இதனைப் பற்றிக்கொள்கிறது. சமையல் எரிவாயு கசிந்தால் நாற்றம் அடிக்கும். எச்சரிக்கைக்கென்றே அதில் நாறும் பொருளைச் சேர்த்திருக்கின்றனர். கார்பன் மோனாக்சைடுக்கோ அவ்வாறான காவல் ஏதுமில்லை. அமெரிக்காவில் 1933 முதல் 1957 வரை செய்யப்பட்ட செர்வல் வாயுக் குளிர்பெட்டிகள் மின்சாரமற்ற குடில்களில் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் எரிந்துகொண்டிருந்தன. துடைக்கப்படாத எரிமுனையால் பலர் மாண்டனர். அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1990-களில் அவற்றை நிறுத்தும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. பெட்டி பழையது, ஆயினும் ஓசையின்றிக் குளிர்வித்தது. ஆகவே யாரும் ஐயுறவில்லை.

மறுநாள் காலையில் குளிர்பெட்டிக் கதவின் உட்புறத்தைப் பார்த்தோம். எச்சரிக்கைத் தாள் ஒன்று அங்கேயே ஒட்டப்பட்டிருந்தது, முழுவதும் ஆங்கிலம். ஓட்டுநர் தமிழும் தெலுங்கும் அறிந்தவர், ஆங்கிலம் அறியார். நமக்கோ ஆங்கிலத்தைத் தமிழாக்குவதே இருபதாண்டுத் தொழில். நாம் அத்தாளைப் படித்திருக்கவில்லை.

வண்டி உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி அதனைத் தமிழாக்கும் பணி நம்மிடமே வந்தது. எளிய பணியென்று எண்ணினோம். முதல் வரியிலேயே இடறினோம். 'வண்டியை மட்டமாக நிறுத்துக' என்று எழுதியதைப் படித்த ஓட்டுநர் சிரித்துவிட்டார். "மட்டமாக நிறுத்தினால் முதலாளி திட்டுவாரே, சார்!" இழிவு என்னும் பொருள் அச்சொல்லுக்கு உண்டென்பதை மொழிபெயர்ப்பாளன் மறந்தான், ஓட்டுநர் மறக்கவில்லை. 'ரசமட்டம் வைத்துப் பார்த்து, சாயாமல் நிறுத்துக' என்று திருத்தினோம். கொத்தனார் கையிலுள்ள ரசமட்டத்தை அறியாதவர் யார்?

சாயக்கூடாது என்பதன் காரணம் முன் சொன்ன நுட்பத்திலேயே இருக்கிறது. குழாயிலுள்ள திரவம் தன் எடையால் இறங்குவது; பெட்டி சாய்ந்தால் அது வழியில் தேங்கும். கொதிகலம் வறண்டு அளவுக்கு மீறிச் சூடேறும். இரும்பைத் துருவிலிருந்து காக்கக் கலந்த உப்பு உறைந்து குழாயை அடைக்கும். அடைபட்ட குழாயைத் திறக்க வழியில்லை. மிகுந்த சூட்டால் கொதிகலக் குழாய் வெடித்தால் எரியக்கூடிய ஹைட்ரஜன் வெளிப்படும். இத்தகைய தீ விபத்துகளால் 2006-லும் 2010-லும் அமெரிக்காவில் இலட்சக்கணக்கான பெட்டிகளைத் திருத்துதற்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பக்கவாட்டில் மூன்று பாகை, நீளவாட்டில் ஆறு பாகை என்பது தயாரிப்பாளர் பலர் இடும் எல்லை. வண்டி ஓடும்போது அசைவால் திரவம் தேங்காது. மலைப்பாதை ஏற்றத்தில் ஓடுவது பெட்டிக்குத் தீங்கன்று. அதே சரிவில் நிறுத்திச் சுடரை எரியவிட்டு உறங்குவதே தீங்கு.

அடுத்த வரி காற்றோட்டம். வெளிச்சுவரில் கீழே ஒரு சாளரம், மேலே ஒரு சாளரம். கீழ்வழி வெளிக்காற்று புகுந்து சுடருக்கு உயிர் கொடுத்து, குழாய்களின் வெப்பத்தையும் எரிந்த புகையையும் சுமந்து மேல்வழி வெளியேற வேண்டும். வண்டியின் உட்புறத்திற்கும் இந்த அறைக்கும் இடையே ஊசி நுழையும் இடைவெளியும் ஆகாது. நம் வேனில் மேல்வழி அடைபட்டிருந்தது. உட்புறப் பலகையின் பூச்சும் ஓரிடத்தில் விட்டிருந்தது. இவ்விரண்டில் ஒன்று சரியாயிருந்தாலும் அவ்விரவு அவ்வாறு ஆகியிராது. மற்றொன்று: புரொப்பேனுக்கென்று துளையிட்ட எரிமுனையில், பியூட்டேன் மிகுந்த நம் நாட்டுச் சமையல் வாயுவை எரித்தால் அது கூடுதற்காற்றை அவாவும், கிடைக்காவிடில் சுடர் மஞ்சளாகும். ஆகையால் வெளிநாட்டுப் பெட்டியை வாங்குவோர் முனையையும் அழுத்தச் சீராக்கியையும் தகுதியுடையவரைக் கொண்டு மாற்றியாக வேண்டும். கார்பன் மோனாக்சைடை உணர்ந்து கூவும் சிறு கருவியும் கடைகளிற் கிடைக்கிறது. நம் மூக்கிற்கு இயலாததை அது செய்யும். படுக்கைக்கருகே அதனைப் பொருத்தாத வேனில் உறங்குவதில்லை என்று நாம் முடிவு செய்துவிட்டோம்.

உருளையைப் பற்றிய வரிகள் மொழிபெயர்க்க எளியவை; கடைப்பிடிக்க அரியவை. இவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலேயே குளம்போல் தேங்கும். ஆகவே உருளை நிற்கும் அறை வண்டியின் உட்புறத்தோடு தொடர்பற்றிருக்க வேண்டும். அதன் அடித்தளத்தில் வெளிநோக்கிய துளை வேண்டும். இணைப்புகளைச் சோப்பு நுரையால் சோதிக்க வேண்டும், தீக்குச்சியால் அன்று. பெட்ரோல் நிலையத்தை அணுகுமுன் சுடரை அணைத்தல் கட்டாயம். ஓடும்போது உருளையின் திருகை மூடிவிட்டு வண்டி மின்கலத்தால் பெட்டியை இயக்குவதே நல்லது.

வண்டிக்குள் வாயு எவ்வளவு கொடியதாகலாம் என்பதை 2023 ஆகஸ்டு 26 விடியற்காலை மதுரை கண்டது. லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களின் தனி ரயில் பெட்டி நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்தது. விதிக்குப் புறம்பாக உள்ளே கொண்டுவந்த உருளையில் தேநீர் போட முயன்றனர். பெட்டி தீப்பற்றியது, குறைந்தது ஒன்பது பேர் மாண்டனர். ரயிலில் எரிவாயு உருளை கொண்டு செல்வதைச் சட்டம் விலக்கியிருக்கிறது. அவர்கள் தீயவர்கள் அல்லர். நெடுவழியில் சூடான தேநீரை விரும்பிய கோயில் யாத்திரிகர்கள். நம்மைப் போன்றவர்களே.

இவ்வளவும் எண்ணியபின் நாம் கேட்டுக்கொண்ட கேள்வி: சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போக இப்பெட்டி வேண்டுமா? வேண்டா என்பதே நம் கருத்து. திறந்து பயன்படுத்தும் இன்சுலின் கடும் வெயில் படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது; திறவாததற்கோ, மருந்து பனியை நேரே தொட்டு உறைந்துவிடாதபடி துணியிற் சுற்றி வைத்த பனிக்கட்டிப் பேழை இரண்டு நாட் பயணத்திற்குப் போதும். மின்கலத்தால் இயங்கும் சிறு குளிர்பெட்டிகளும் இப்போது பெருகிவிட்டன. அவற்றில் சுடரே இல்லை. மின்சாரமற்ற இடத்தில் பல நாட் தங்குவோர்க்கே வாயுப் பெட்டி தகும். அவ்வாறு தங்குவோர் நம்மிடையே சிலரேனும் உளர். அவர்களுக்காகவே தாளை ஒழுங்காகத் தமிழாக்கினோம்.

தை மாதம் அதே ஓட்டுநரைச் சித்தூரில் கண்டோம். வேனின் பக்கச் சாளரங்களில் இப்போது பூச்சி புகாத கம்பிவலை மட்டுமே இருந்தது. குளிர்பெட்டியின் தலைமேல் கொத்தனார் ரசமட்டம் ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார். நம் தமிழ்த்தாள் கதவில் ஒட்டியிருந்தது. அதன் கீழே தம் கையெழுத்தில் தெலுங்கில் ஒரு வரி சேர்த்திருந்தார். பொருள் கேட்டோம். "தலை வலித்தால் முதலில் வெளியே இறங்கு, காரணத்தை அப்புறம் பேசு" என்றார். நம் மொழிபெயர்ப்பில் அந்த வரி இல்லை, மூலத்திலும் இல்லை. அடுத்த படியில் தமிழிலும் சேர்த்துவிட்டோம்.